பட்டம் இல்லாமல் வேலைக்குப் போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கல்லூரியைப் பற்றியவை. சேரலாமா, பாதியில் விட்டதைத் தொடரலாமா, வீட்டிலிருந்தே கற்றால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: இப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்தேன். மென்பொருள் எழுதும் வேலைக்குப் போக ஆசை. பாடமெல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது மூன்று, நான்கு வருடம் கல்லூரியில் உட்கார வேண்டுமா?

பாடம் கிடைக்கிறது என்பது சரிதான். அமெரிக்கப் பல்கலைக்கழகமான எம்.ஐ.டி. தன் பாடக் குறிப்புகளை எல்லோருக்கும் திறந்துவிடப்போவதாக 2001இல் அறிவித்தது. இணையப் பாடத் தளங்களான கோர்செராவும் எட்எக்ஸும் 2012இல் வந்தன. ஆனால் கல்லூரி தருவது பாடம் மட்டுமல்ல. எதற்குப் பின் எதைப் படிப்பது என்ற வரிசை, தேதி குறித்த கெடு, தப்பைக் காட்டித் திருத்த ஓர் ஆள், கடைசியில் ஒரு தாள் என நான்கைத் தருகிறது. முதல் மூன்றையும் முயன்றால் வெளியிலும் அமைத்துக்கொள்ளலாம். நான்காவதை அமைத்துக்கொள்ள முடியாது. அதனால் நீங்கள் போக நினைக்கும் வாசலில் அந்தத் தாளைக் கேட்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போதும். நீங்கள் வேலை பார்க்க விரும்பும் ஊர்களில், தொடக்க நிலை வேலைகளுக்கு மட்டும் வந்த 40 விளம்பரங்களைச் சேகரியுங்கள். அனுபவசாலிகளுக்கான விளம்பரத்தைக் கலந்துவிட்டால் கணக்கு கெட்டுவிடும். ஒவ்வொன்றையும் 'பட்டம் கட்டாயம்', 'பட்டம் அல்லது அதற்கு இணையான அனுபவம்', 'பட்டம் பற்றிப் பேச்சே இல்லை' என்று மூன்று கட்டங்களில் ஒன்றில் போடுங்கள். முதல் கட்டத்தில் 30 விழுந்தால் விடை தெரிந்துவிட்டது. இரண்டாவது கட்டத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். தொடக்க நிலையில் 'இணையான அனுபவம்' என்றால் ஏற்கெனவே எங்கோ சம்பளம் வாங்கிய அனுபவம் என்றுதான் பெரும்பாலும் பொருள்.

விளம்பரத்தில் இருப்பது ஒன்று, நடப்பது வேறாகவும் இருக்கும். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் பர்னிங் கிளாஸ் இன்ஸ்டிடியூட்டும் 2024இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று, 'பட்டம் தேவையில்லை' என்று நிறுவனங்கள் அறிவித்ததால் உண்மையில் எத்தனை பேருக்கு வழி திறந்தது என்று கணக்கிட்டது. ஒரு வருடத்தில் வேலைக்கு எடுக்கப்பட்ட 700 பேரில் ஒருவர்கூட இல்லை என்றது. அதனால் விளம்பரத்தோடு நிறுத்தாமல், அந்த வேலையில் கடந்த இரண்டு வருடங்களுக்குள் சேர்ந்த பத்துப் பேர் லிங்க்ட்இன் போன்ற தளங்களில் வைத்திருக்கும் தொழில்முறைப் பக்கங்களையும் பாருங்கள். பத்து வருடம் முன்பு சேர்ந்தவரின் அறிவுரை அன்பானதாக இருக்கலாம். ஆனால் அவர் நுழைந்த சந்தை வேறு.

அடுத்து மணிக் கணக்கு. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் அளவுகோலில் ஒரு வருடப் படிப்பு 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. மூன்று வருடப் பட்டத்துக்கு 180 கிரெடிட், அதாவது 4,500 முதல் 5,400 மணி நேரம். இதில் மூன்றில் ஒரு பங்குதான் நேரடியாக உங்கள் வேலைக்கு உதவும் என்று வைத்தாலும் 1,500 மணி நேரம் வேண்டும். வாரம் 15 மணி நேரம் தவறாமல் உட்கார்ந்தால் அதற்கு இரண்டு வருடம் ஆகும். வாரம் 20 மணி நேரம் வீதம் 'ஆறே மாதத்தில் நிபுணர்' என்று சொல்லும் விளம்பரத்தில் மொத்தம் இருப்பது 520 மணி நேரம். அதில் அடிப்படை கைவசமாகும், நிபுணர் ஆக முடியாது.

கல்லூரிக்குப் போக வசதியும் இடமும் இருந்தால் போங்கள், கூடவே சொந்தமாகவும் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே இந்தத் துறையில் எங்கள் முடிவு. வசதி இல்லையென்றால், மேலே சொன்ன 40 விளம்பரக் கணக்கு சாதகமாக வந்தால் மட்டும் தனிவழியில் இறங்குங்கள்.

கேள்வி: சொந்தமாகக் கற்று நுழையவே முடியாத தொழில்கள் எவை?

மருத்துவம், செவிலியர் பணி, மருந்தாளுநர் பணி, பல் மருத்துவம். இவற்றில் குறுக்கு வழி கிடையாது, இருக்கவும் கூடாது. பொறியியலில், திட்டப் படங்களுக்குக் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கும் இடத்துக்குப் பல நாடுகளில் அங்கீகாரம் பெற்ற பட்டம் வேண்டும். 1989இல் உருவான வாஷிங்டன் உடன்படிக்கையின்படி, உறுப்பு நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டங்களை மற்றொன்று மதிக்கின்றன. அப்படி மதிக்கப்படும் படிப்புதானா என்று சேரும் முன்பே பாருங்கள்.

பட்டத்தையும் உரிமத்தையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள், அது தவறு. வணிக விமானி உரிமத்துக்குப் பறந்த மணிக் கணக்கும் தேர்வும் உடல்தகுதியும் முக்கியம், பட்டம் அல்ல. விமான நிறுவனம் தனியாகக் கேட்டால் அது வேறு. கணக்கியலில் ஏ.சி.சி.ஏ. போன்ற தகுதிக்குப் பட்டம் இல்லாமல் அடித்தட்டுத் தேர்விலிருந்தே தொடங்கலாம். ஆனால் தேர்வுகளோடு 36 மாத வேலை அனுபவமும் காட்ட வேண்டும். சட்டத் தொழிலிலும் கலிஃபோர்னியா போன்ற சில அமெரிக்க மாநிலங்களில், சட்டக் கல்லூரிக்குப் போகாமல் வழக்கறிஞர் ஒருவரிடமோ நீதிபதியிடமோ நான்கு வருடம் படித்துத் தேர்வு எழுத வழி உண்டு. அதுவும் வீட்டில் தனியாகப் படிப்பது அல்ல, மேற்பார்வையில் படிப்பது. ஆகவே உரிமம் தரும் அமைப்பின் விதிமுறையை நேராகப் படியுங்கள். பயிற்சி நிறுவனத்தின் துண்டுப் பிரசுரத்தை நம்ப வேண்டாம்.

கேள்வி: எட்டு மாதமாக வீடியோ பார்த்துக் கற்கிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. தனியாக உட்கார்ந்தால் ஒரு வரிகூட எழுத வரவில்லை. எனக்கு மூளை போதாதா?

மூளைக்கு ஒன்றும் குறையில்லை, முறைதான் தப்பு. தனியாகக் கற்பவர்களில் பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

அடுத்தவர் செய்வதைப் பார்த்துப் புரிந்துகொள்வதும் தானாக நினைவிலிருந்து எடுத்துச் செய்வதும் இரண்டு வேறு வேலைகள். 2008இல் கார்ப்பிக், ரோடிகர் என்ற இரு ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலிச் சொற்களும் அவற்றின் பொருளும் தரப்பட்டன. ஒரு சொல் ஒருமுறை மனதில் நின்ற பிறகும் திரும்பத் திரும்ப நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தவர்களுக்கு, ஒரு வாரம் கழித்தும் சுமார் 80 சதவீதம் ஞாபகம் இருந்தது. சொல்லிப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்பப் படிக்க மட்டும் செய்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். இன்னொன்றும் கவனியுங்கள். எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது எல்லாக் குழுவினரும் ஏறக்குறைய பாதி என்றே சொன்னார்கள். புரிந்துவிட்டது என்ற உணர்வு, கற்றதை அளக்கும் கருவி அல்ல.

இனி இப்படிச் செய்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 15 நிமிடத்துக்கு மேல் வீடியோ வேண்டாம். பார்த்ததும் மூடிவிட்டு, வெற்றுக் கோப்பில் நினைவிலிருந்து எழுதுங்கள். காப்பி-பேஸ்ட் கூடாது. சிக்கினால் 20 நிமிடம் முட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் வரவில்லையென்றால் சிக்கிய அந்த இடத்தை மட்டும் திறந்து பார்த்து மறுபடி மூடுங்கள். மறுநாள் அதையே முதலிலிருந்து எழுதுங்கள், ஆனால் ஒரு தேவையை மாற்றுங்கள். பெயர் வரிசையில் அடுக்கியதைத் தேதி வரிசையில் அடுக்கலாம், ஒரு பயனருக்கு எழுதியதை இருவருக்கு எழுதலாம். மாற்றினால் உடைந்துபோனால் புரியவில்லை என்று பொருள். உடையாவிட்டால் ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் மறுபடி எழுதிப் பாருங்கள்.

தப்புகளுக்கு ஒரு நோட்டு வையுங்கள். ஒவ்வொரு தப்புக்கும் மூன்றே வரி: என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது, ஏன். பைத்தான் நிரல்மொழியில் பிழைச் செய்தி வந்தால் பயந்து முழுவதையும் தேடுபொறியில் ஒட்டாதீர்கள். கடைசி வரியிலிருந்து மேலே படியுங்கள். என்ன பிழை என்பது கடைசி வரியிலும், எந்த இடம் என்பது அதற்குச் சற்று மேலேயும் இருக்கும். செயற்கை நுண்ணறிவு உதவியாளரைப் பயன்படுத்துவதானால் விடையைக் கேட்காமல், நீங்கள் எழுதியதில் எங்கே இடறும் என்று கேளுங்கள். விடையைக் கேட்டால் வீடியோ பார்த்த அதே கதைதான்.

திருத்த ஆள் இல்லாதது இன்னொரு குறை. நல்லவர்கள் உதவ நேரம் ஒதுக்குவது கேள்வி கேட்கும் விதத்தைப் பொறுத்தது. 'என் நிரல் ஓடவில்லை, உதவுங்கள்' என்றால் பதில் வராது. பிரச்சினையைக் காட்டும் மிகச் சிறிய நிரல், எதிர்பார்த்தது, கிடைத்தது, இதுவரை செய்து பார்த்தவை, இந்த நான்கும் இருக்க வேண்டும். பாதி நேரம், இதை எழுதி முடிக்கும்போதே விடை தெரிந்துவிடும். யாரும் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய திறந்த மூலத் திட்டங்களுக்கு முதலில் ஆவணத்தில் உள்ள பிழைகளைத் திருத்தி அனுப்புங்கள். பெரிய மாற்றத்தை யாரும் பொறுமையாகப் படிக்க மாட்டார்கள். இருபது வரி மாற்றமென்றால் படிப்பார்கள், குறையும் சொல்வார்கள். அந்தக் குறைதான் உங்களுக்குப் பாடம்.

கேள்வி: என் மகன் கல்லூரி வேண்டாம் என்கிறான். பில் கேட்ஸும் மார்க் ஸக்கர்பெர்க்கும் படிப்பை விட்டவர்கள்தானே என்று வாதிடுகிறான். என்ன பதில் சொல்வது?

அவர்கள் எப்போது விட்டார்கள் என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். கேட்ஸ் 1968 முதலே பள்ளிக் கணினியில் நிரல் எழுதியவர். ஹார்வர்டை விட்டது 1975இல், மைக்ரோசாஃப்ட் தொடங்கிய அதே வருடம். ஃபேஸ்புக் 2004 பிப்ரவரியில் வந்தது, அது பரவத் தொடங்கிய பிறகே ஸக்கர்பெர்க் கிளம்பினார். இருவரும் கையில் ஓடிக்கொண்டிருந்த வேலைக்காகக் கல்லூரியை விட்டவர்கள். வேலை கிடைக்கும் என்று நம்பி விட்டவர்கள் அல்ல. படிப்பை விட்டு எங்கும் போய்ச் சேராதவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

வாதத்தைவிட ஒரு சோதனை நல்லது. கல்லூரி தொடங்கும் முன் 12 வாரம் கொடுங்கள். வாரம் 20 மணி நேரம், என்ன படிக்கிறான் என்பதை அவனே முன்கூட்டி எழுதித் தர வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை வேலை செய்யும் ஒரு பொருளைக் காட்ட வேண்டும், அதுவும் அந்தத் துறை தெரிந்த வெளியாள் ஒருவரிடம். பெற்றோர் நீங்கள் மதிப்பெண் போட வேண்டாம். நடுவில் நினைவூட்டவும் வேண்டாம், ஏனென்றால் நினைவூட்டாமல் செய்கிறானா என்பதைத்தான் சோதிக்கிறோம்.

சோதனை கடினமானதுதான். எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் நடத்திய இலவச இணையப் படிப்புகளைப் பற்றி 2019இல் வெளியான ஓர் ஆய்வு, 2017–18இல் பங்கேற்றவர்களில் 3 சதவீதம் பேரே முடித்ததாகச் சொல்கிறது. சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதம் பேர் முடித்தார்கள். இதில் பணத்தின் மாயம் பாதி, உண்மையான அக்கறை பாதி என்று கொள்ளலாம். மகன் 12 வாரத்தைத் தாண்டிவிட்டால் அவன் பேச்சுக்கு எடை இருக்கிறது. அப்போதும் 'சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா' என்று கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். கதவை ஏன் சாத்த வேண்டும்?

கேள்வி: பட்டம் இல்லாதவர் தன் வேலையைக் காட்ட எத்தனை புராஜெக்ட் வைத்திருக்க வேண்டும்?

இரண்டு அல்லது மூன்று போதும். பதினைந்து அரைகுறைகளை வைத்தால் தேர்வாளர் மோசமான ஒன்றைத்தான் திறப்பார். அதென்ன ராசியோ!

செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல், வானிலை காட்டும் செயலி ஆகியவற்றைப் பயிற்சிக்குச் செய்யுங்கள், காட்சிக்கு வைக்க வேண்டாம். தரவுத் துறைக்குப் போகிறவர்கள் ஐரிஸ் பூ அட்டவணையை விட்டுவிடுங்கள். 1936இல் ரொனால்ட் ஃபிஷர் பயன்படுத்திய 150 பூக்களின் அளவுகள் அவை. எண்ணற்ற முறை அலசப்பட்டுவிட்டன, போதாததற்கு அவை ஏற்கெனவே துப்புரவான தரவு. உண்மை வேலையில் தரவு ஓட்டையும் உடைசலுமாக வரும். அதைச் சுத்தம் செய்ததைக் காட்டினால் மதிப்பு.

ஒரு புராஜெக்டில் பார்ப்பவை இவை: இணைப்பு வேலை செய்கிறதா, ரீட்மீ என்ற விளக்கக் கோப்பைப் படித்து அஞ்சு நிமிடத்தில் ஓட்ட முடிகிறதா, சோதனை நிரல்கள் உள்ளனவா, உங்களைத் தவிர ஒருவராவது பயன்படுத்துகிறாரா. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒரே நாளில் மொத்தமும் ஏற்றியிருந்தால் எங்கிருந்தோ எடுத்தது போலத் தெரியும். வேலை செய்யச் செய்ய ஒவ்வொரு மாற்றத்தையும் அங்கே பதிவு செய்யுங்கள். 'இதில் எது சரியில்லை, மறுபடி செய்தால் எதை மாற்றுவேன்' என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். நேர்காணலில் பாதிக் கேள்வி அந்தப் பக்கத்திலிருந்தே வரும், நீங்களும் தயாராக இருப்பீர்கள்.

அடிக்கடி நடக்கும் விபத்து ஒன்று உண்டு. கடவுச்சொல்லையோ ஏ.பி.ஐ. சாவியையோ (வேறொரு சேவையை உங்கள் நிரல் பயன்படுத்த உதவும் ரகசியக் குறியீடு) தெரியாமல் எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டு, பிறகு கோப்பை அழித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. பழைய பதிவுகளில் அது அப்படியே இருக்கும். சாவியை உடனே ரத்து செய்து புதியது வாங்குவதுதான் முதல் வேலை, வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்கப்புறம்.

கேள்வி: இணையச் சான்றிதழ்களுக்கு மதிப்பு உண்டா?

எதைச் சோதித்துத் தந்தார்கள் என்பதைப் பொறுத்தது. வீடியோவை ஓடவிட்டால் கிடைப்பதை விண்ணப்பத்தில் ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாம். கண்காணிப்பில் எழுதும் தேர்வுகளான சிஸ்கோவின் சி.சி.என்.ஏ., அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். சான்றிதழ்கள் ஆகியவற்றுக்கு வலைப்பின்னல், கிளவுட் வேலைகளில் மதிப்பு உண்டு. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. இன்னும் ஒரு படி மேல். அதில் டிக் அடிக்கும் கேள்விகள் இல்லை, ஓடும் கணினியில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். இவை மூன்றும் மூன்று வருடத்தில் காலாவதியாகும். அதனால் வேலை தேடத் தொடங்குவதற்கு வெகு முன்பே எழுதிவிடாதீர்கள். ஒன்றை எழுதுங்கள், நான்கை அடுக்க வேண்டாம்.

கேள்வி: இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டேன். ஆறு வருட அனுபவம் இருக்கிறது. பதவி உயர்வு வரும்போதெல்லாம் பட்டம் கேட்கிறார்கள். திரும்பப் போகலாமா?

பாதி படித்ததற்குப் பாதி மதிப்பு கிடைப்பதில்லை. பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. வேலை கொடுப்பவருக்கு உங்கள் திறமை வெளியே தெரியாது, பட்டத்தை அவர் ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார். முடித்தவர் என்பதே அங்கே செய்தி. ஆகவே உங்கள் நிலையில் போவது நியாயம்தான், வேலையை விடாமல்.

முதலில் பழைய கல்லூரியிலிருந்து மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்டத்தையும் வாங்குங்கள். பாடத்திட்டம் இல்லாவிட்டால் புதிய இடத்தில் எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று ஒப்பிட முடியாது, இங்கேதான் பல விண்ணப்பங்கள் நிற்கின்றன. பழைய கிரெடிட்டுகளுக்கு வயது வரம்பு உண்டா, எத்தனை சதவீதம்வரை ஏற்பார்கள், வேலை அனுபவத்துக்கு விலக்கு உண்டா, மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் மனிதவளத் துறையிடம் 'தொலைதூரக் கல்விப் பட்டம் பதவி உயர்வுக்குச் செல்லுமா' என்பதையும் கட்டணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

முப்பது நாளில் பட்டம், அனுபவத்துக்கே முழுப் பட்டம், தேர்வே இல்லை என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். போலிகள் தங்களுக்கென்று போலி அங்கீகார அமைப்பையும் வைத்திருப்பார்கள். அங்கீகாரத்தை அவர்கள் தளத்தில் பார்க்காமல், அந்த நாட்டு அரசின் கல்வி ஒழுங்காற்று அமைப்பின் பட்டியலில் பாருங்கள்.

கேள்வி: பட்டம் இல்லாமல் வெளிநாட்டு வேலை?

நிறுவனம் சம்மதித்தாலும் குடியேற்றச் சட்டம் சம்மதிக்க வேண்டும். அமெரிக்காவின் எச்-1பி வேலை விசாவுக்குப் பட்டம் அல்லது அதற்குச் சமமான தகுதி தேவை. அந்தச் சமன் கணக்கில் மூன்று வருட அனுபவம் ஒரு வருடக் கல்லூரிக்கு ஈடு. நான்கு வருடப் பட்டத்துக்குப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஜெர்மனி 2023 நவம்பர் முதல் தகவல் தொழில்நுட்பத் துறையினருக்கு மட்டும் பட்டம் இல்லாமலும் புளூ கார்டு என்ற வேலை அனுமதியைத் தருகிறது. கடைசி ஏழு வருடத்துக்குள் குறைந்தது மூன்று வருடத் துறை அனுபவமும், சம்பள வரம்பைத் தாண்டும் வேலை ஒப்பந்தமும் வேண்டும். அனுபவத்துக்கு நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பொறுப்புகளை விவரிக்கும் சான்று மூன்றையும் வேலையை விடும்போதே வாங்கி வையுங்கள். ஐந்து வருடம் கழித்துப் போனால் அந்த நிறுவனமே இருக்காது.

கேள்வி: விண்ணப்பத்தில் 'கல்வி' என்ற இடத்தில் என்ன எழுதுவது?

செய்த வேலைகளை மேலே கொண்டுவாருங்கள், கல்வி கீழே போகட்டும். பாதியில் விட்டிருந்தால் பாடம், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, 'நிறைவு செய்யவில்லை' என மூன்றையும் எழுதுங்கள். கல்லூரியே போகவில்லையென்றால் பள்ளிப் படிப்பை ஒரு வரியில் போட்டு நிறுத்துங்கள். படித்த இணையப் பாடங்களை 'இணையப் பல்கலைக்கழகம்' என்று அலங்கரிக்க வேண்டாம். இணைய விண்ணப்பத்தில் பட்டம் என்ற கட்டம் கட்டாயமாக இருந்தால், 'இல்லை' அல்லது 'பிற' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பொய்யான ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டும், வேலையில் சேர்ந்த பிறகுகூடப் பணிநீக்கத்துக்கு அது ஒன்றே போதும். அந்தக் கட்டத்திலேயே விண்ணப்பம் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தால், அந்தக் குழுவில் வேலை செய்யும் ஒருவருக்கு உங்கள் புராஜெக்ட் இணைப்போடு ஐந்து வரியில் எழுதுங்கள். இயந்திரம் வடிகட்டும் முன் ஒரு மனிதராவது பார்த்திருப்பார்.